வளர்ப்பு மீனின் நோயும் காப்பும்

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைத்து நிற்கும் ஒடுங்கிய நிலவாயில் ஆனையிறவு ஆகும். முன்னாளில் வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகளை ஆழமற்ற இந்நீர்ப்பரப்பினூடாக நடத்திச் சென்று குடாநாட்டுத் துறைகளிற் கப்பலேற்றினர். அதனால் இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். பெயரைத் தந்தது யானையாயினும், இவ்விடத்துக்குப் புகழைத் தந்தது உப்பே. சோளகக் காற்று வீசும் கோடையில் நீரேரி வற்றி, கரையோரமெங்கும் உப்புப் பூத்துக் கிடக்கும். மாரி பிறந்ததும் நிலைமை முற்றிலும் மாறிவிடும். வவுனியாவின் வடபகுதியிற் பிறந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிகுந்த நீரைச் சுண்டிக்குளம், ஆனையிறவு நீரேரிப் பக்கமாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரே இடத்தில் ஒரு பருவத்தில் நன்னீர்; மறு பருவத்தில் உப்புநீர். இந்த மாற்றத்தை மனத்திற் கொண்டாலன்றி, இப்பகுதியில் மீன் வளர்ப்போர் தம் மீனுக்கு வரும் நோயை விளங்கிக்கொள்ள இயலாது.

இந்நீர்நிலைகளை நம்பி வாழ்வோர் பலர். நீரேரியில் இறாலும் மீனும் பிடிப்போர் ஒருபுறம். இரணைமடு, அக்கராயன், கல்மடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களில் நன்னீர் மீன் பிடிப்போர் மறுபுறம். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பங்களுக்குக் கைகொடுத்த தொழில்களுள் குளத்து மீன்பிடியும் ஒன்று. குளத்தில் தானாக விளையும் மீனைப் பிடிப்பதோடு நில்லாது, குஞ்சு விட்டு வளர்த்துப் பிடிக்கும் முறையும் பரவி வருகின்றது. சிறு குளங்களிலும், வீட்டையடுத்த தொட்டிகளிலும், பெருங்குளங்களில் அமைக்கும் வலைக்கூடுகளிலும் மீன் வளர்க்கலாம். இவ்வாறு வளர்க்கப்படும் மீன்களுள் முதலிடம் பெறுவது திலாப்பியா.

திலாப்பியா நம் நாட்டு மீன் அன்று, ஆபிரிக்காவுக்கு உரியது. மொசாம்பிக் திலாப்பியா என்னும் வகை 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்று மக்கள் அழைப்பது இதனையே. நைல் திலாப்பியா என்னும் மற்றொரு வகை 1975இல் இங்கு வந்தது. 1988இல் பிலிப்பைன்சு நாட்டில் தொடங்கிய ஆய்வின் பயனாக, விரைந்து வளரும் மேம்பட்ட இனம் ஒன்றும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிற்காலத்திற் பல நாடுகளுக்கும் பரவிற்று. இலங்கையில் இயற்கை ஏரிகள் இல்லை. இங்குள்ள பெருங்குளங்களெல்லாம் மனிதர் கட்டியவை. ஆற்று நீரோட்டத்திற் பழகிய உள்நாட்டு மீன்களுள் பல, இப்பரந்த தேக்கங்களின் நடுநீரை நிரப்பவில்லை. அவ்வெற்றிடத்தைத் திலாப்பியா நிரப்பியது. பாசியையும் நுண்ணுயிரையும் உண்டு வளரும். விரைவில் இனம் பெருக்கும். கலங்கல் நீரையும் ஓரளவு உவர்நீரையும் பொறுக்கும். விலையும் ஏழை வீட்டுக்கு எட்டுவதாகவே உள்ளது.

இத்தொழில் எப்பொழுதும் தடையின்றி நடந்ததென்று கூறுவதற்கில்லை. 1990ஆம் ஆண்டில் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கும் நன்னீர் மீன் வளர்ப்புக்கும் அளித்துவந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. 1994இல் ஆதரவு மீண்டும் கிடைத்தது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால், சுருக்கமாக நக்டா எனப்படும் தேசிய அதிகார சபை இத்துறைக்கென நிறுவப்பட்டது. குஞ்சு உற்பத்தி, குளங்களிற் குஞ்சு விடுதல், வளர்ப்போருக்கு ஆலோசனை ஆகியன இதன் பணிகள்.

திலாப்பியாவைப் பற்றிப் பேசுவோர் யாவரும் அதனை உறுதியான மீன் என்பர். அஃது உண்மையே. ஆயினும் அவ்வுறுதியே வளர்ப்போரை ஏமாற்றவும் வல்லது. மற்ற மீன்கள் நீர் கெட்ட முதல் நாளிலேயே மிதந்து எச்சரிக்கை தரும். திலாப்பியாவோ பல நாள் பொறுத்துக்கொண்டு, உள்ளே நலிந்து, இறுதியிற் கூட்டமாக மடியும். ‘நேற்றுவரை நன்றாக இருந்த மீன் இன்று செத்துவிட்டதே, யாரோ நஞ்சு இட்டார்களோ?’ என்று வளர்த்தவர் திகைப்பர். நஞ்சு இட்டவர் எவரும் இலர். பல நாளாகச் சேர்ந்த சீர்கேட்டின் விளைவே அந்த ஒருநாட் சாவு.

மீனுக்கு நோய் தரும் பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை வெளியிலிருந்து புதிதாக வருபவை அல்ல. அவை நீரிலும், சேற்றிலும், நலமான மீனின் தோலிலும் குடலிலும் எந்நாளும் இருப்பவை. அங்ஙனமாயின் எல்லா மீனும் எந்நாளும் ஏன் நோயுறவில்லை? உழவர் இதனை எளிதில் உணர்வர். விதை இருந்தால் மட்டும் களை முளைத்துவிடாது. நிலமும் பருவமும் இடந்தர வேண்டும். கிருமி விதை என்றால், நலிந்த மீனின் உடலே நிலம். கெட்ட நீரே பருவம். விதையை முற்றாக ஒழிப்பது மனிதரால் ஆகாத செயல். நிலத்தையும் பருவத்தையும் அவ்விதைக்கு உதவாதபடி காத்துக்கொள்வது வளர்ப்பவர் கையிலேயே இருக்கின்றது.

நீர் எவ்வாறு கெடுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். மீன் மூச்சுவிடுவது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை. 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்து நிற்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். நீரில் உப்பு ஏற ஏற அவ்வளவு இன்னும் சுருங்கும். ஆகவே கோடையில், நீர் வற்றி, வெப்பமும் உப்பும் கூடும்போது, மீனுக்குக் கிடைக்கும் மூச்சுக்காற்று குறைகின்றது. அதே வெப்பத்தினால் மீனின் உடலுக்கு வேண்டிய ஒட்சிசனோ கூடுகின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலை இது.

குளம் பச்சைப் பாசியால் நிறைந்திருந்தால் ஆபத்து இரட்டிக்கும். பாசி பகலில் ஒட்சிசனை வெளியிடும். இரவில் தானும் அதனை உண்ணும். விடியற்காலமே ஒட்சிசன் மிகக் குறைந்து நிற்கும் நேரம். அவ்வேளையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், குளம் உதவி வேண்டுகின்றது என்று கொள்ளவேண்டும். லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாத ஒட்சிசன் இருப்பின் மீன் நன்கு வளரும். அதனிலும் குறைந்த அளவிலும் திலாப்பியா உயிர் வாழும். ஆனால் நோயை எதிர்க்கும் வலுவை இழந்து வாழும். இதனோடு, தின்னாமல் எஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அழுகுவதால் எழும் அமோனியா, செவுளை அரித்துக் கிருமிக்கு வாயில் திறந்துவிடும்.

இனி, திலாப்பியாவைத் தாக்கும் முக்கிய நோய்களைக் காண்போம்.

முதலாவது, ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் உருண்டைக் கிருமியினால் வருவது. உலகில் திலாப்பியா வளர்க்கும் நாடுகளிற் பெருநட்டம் விளைவித்த நோய் இதுவே. மீனில் இவ்வகைக் கிருமி நோய் உண்டாக்கியதாக 1958இல் யப்பானில் முதலில் அறிவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு முதல் தென்சீனத்துத் திலாப்பியாப் பண்ணைகளில் இது பெரும் அழிவைச் செய்தது. நீர் 30 பாகையை நெருங்கியும் தாண்டியும் வெம்மையுறும் காலமே இதற்கு உகந்த காலம். சிறு குஞ்சுகளைவிட, விற்பனைக்கு ஏறத்தாழ ஆயத்தமான பெரிய மீன்களையே இது மிகுதியும் தாக்கும். செலவெல்லாம் செய்து முடித்து, வரவை எதிர்நோக்கும் வேளையில் வருவதால், இந்நோய் குடும்பத்தையே சாய்த்துவிடுகின்றது. கிருமி மூளையைச் சென்றடைவதால் மீன் நிலை தடுமாறிச் சுழன்று நீந்தும், உடல் வில்லைப்போல் வளையும், கண் பிதுங்கி வெண்மை படரும், செவுள் மூடியிலும் துடுப்படியிலும் இரத்தக் கசிவு தோன்றும், வயிறு நீர்கோத்து வீங்கும், தீனியை வெறுக்கும்.

இரண்டாவது, ஏரோமோனாசு என்னும் கிருமியால் வருவது. இஃது எல்லா நன்னீரிலும் உள்ளது. வலையில் உராய்ந்த மீன், செதில் கழன்ற மீன், நெருக்கத்தில் ஒன்றையொன்று கடித்த மீன், ஒட்டுண்ணி கடித்த மீன் ஆகியவற்றின் காயமே இதற்கு வாயில். தோலிற் சிவந்த புண்கள், சிதைந்த துடுப்பு, நிமிர்ந்து நிற்கும் செதில், வீங்கிய வயிறு என்பன அடையாளங்கள். மழை வெள்ளம் திடீரெனப் புகுந்து நீரின் வெப்பமும் தன்மையும் மாறியபின் இது தலையெடுப்பதுண்டு.

மூன்றாவது, பிளேவோபற்றீரியம் என்னும் கிருமியால் வரும் தோல், செவுள் நோய். 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மீன்களில் இது விவரிக்கப்பட்டது. இது பெரும்பாலும் குஞ்சுகளின் பகை. குஞ்சுகளை எண்ணி, பொதி செய்து, வண்டியில் ஏற்றி, புதுக்குளத்தில் விட்ட ஓரிரு நாளில் முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் வைத்தாற்போல் வெளிறிய திட்டு தோன்றும். செவுள் மஞ்சளித்து அழுகும். பிறகு ஓரிரு நாளிற் குஞ்சுகள் பெருந்தொகையாக மடியும். ‘குஞ்சு சரியில்லை’ என்று பண்ணையைக் குறை கூறுவோர் உண்டு. பல வேளைகளில் வழிப்பயணத்தின் வெப்பமும் நெருக்கமுமே காரணமாயிருக்கும்.

நான்காவது, பிரான்சிசெல்லா என்னும் கிருமியால் வருவது. இது முன்னையவற்றுக்கு மாறாகச் சற்றே குளிர்ந்த நீரை விரும்பும். மெல்ல மெல்ல நலியச் செய்யும் இந்நோயில், இறந்த மீனை அறுத்துப் பார்த்தால் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் வெண்மையான சிறு மணிகள் காணப்படும். இவற்றோடு, உவர்நீரில் விப்ரியோ என்னும் கிருமியும், சேறு மண்டிய நீரில் எட்வர்சியெல்லா என்னும் கிருமியும் தொல்லை தருவன. கோடைக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று, உவர்நீருக்கு ஒன்று என்று கிருமிகள் பருவத்தையும் நீரையும் பங்கிட்டுக் கொண்டிருத்தலை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.

புண்ணிற் காணும் கிருமியே நோய்க்கு மூலகாரணம் என்று உடனே முடிவு செய்தலும் பிழையாகலாம். இலங்கை மக்கள் நேரிற் கண்ட பாடம் ஒன்று இதற்குச் சான்று. 1987ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டு நன்னீர் மீன்களிடையே உடலெங்கும் ஆழ்ந்த புண் தோன்றும் கொள்ளைநோய் புகுந்தது. விரால் முதலிய மீன்கள் புண்ணோடு மிதந்தன. மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். அடுத்த ஆண்டிலேயே இந்தியாவிலும் அந்நோய் பரவிற்று. புண்களைச் சோதித்தபோது ஏரோமோனாசு கிருமி ஏராளமாகக் காணப்பட்டமையால், அதுவே காரணம் எனப் பலர் கருதினர். ஆண்டுகள் பல ஆராய்ந்தபின், மூலகாரணம் நீரில் வாழும் பூஞ்சண வகை ஒன்றே என்பதும், பற்றீரியா பின்னர் வந்து புண்ணைப் பெருக்கிய துணைவன் என்பதும் 1990களிற் தெளிவாயின. அக்கொள்ளைநோய்க்குத் திலாப்பியா பெரிதும் தப்பியது. மீனின் தோலிற் புண்ணைக் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடுதல் எத்துணைப் பயனற்றதென்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. ஒட்டுண்ணியோ, பூஞ்சணமோ, வைரசோ, நீர்க்கேடோ காரணமாயிருக்கப் பற்றீரியாவுக்கு மருந்திட்டால், காசும் காலமும் வீணாவதன்றி வேறு பயன் இல்லை.

நோயைத் தடுக்கும் முறைகள் எளியவை, செலவும் குறைந்தவை. ஆனால் நாள்தோறும் கருத்தூன்றிச் செய்யவேண்டியவை.

முதலில் குளத்தைப் பண்படுத்தல். ஒரு போக மீனைப் பிடித்தபின், வளர்ப்புக் குளத்தை வற்றவைத்து, அடிநிலம் வெடிக்கும்வரை வெயிலிற் காயவிடவேண்டும். கரும்சேற்றை வெட்டி அகற்றவேண்டும். பின்னர் ஒரு சதுர மீற்றருக்கு 100 முதல் 150 கிராம் வரை சுட்ட சுண்ணாம்பைத் தூவி, சில நாள் விட்டு, நீர் பாய்ச்சவேண்டும். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் எரிக்குமாதலால், காற்று வீசும் பக்கத்துக்கு எதிரே நின்று தூவலாகாது. வன்னியின் கோடை வெயிலைப்போற் கிருமியை அழிக்கும் விலையற்ற மருந்து வேறொன்றில்லை.

அடுத்தது குஞ்சு. நம்பத்தக்க இடத்திற் பெற்ற, ஒரே அளவான, துடிப்பான குஞ்சுகளையே வாங்கவேண்டும். காலையிலோ மாலையிலோ கொண்டுவருதல் நன்று. குஞ்சு வந்த பையைக் குளத்து நீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒத்தபின், குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குட் சேர்த்து, பின்னரே வெளியே விடவேண்டும். வேறிடத்திலிருந்து வந்த மீனைப் பழைய மீனோடு உடனே கலவாது, இரண்டு மூன்று கிழமை வேறாக வைத்துப் பார்த்தல் அறிவுடைமை. திலாப்பியா குளத்திலேயே இனம் பெருக்கி நெருக்கத்தை உண்டாக்குமாதலால், ஆண் குஞ்சுகளை மட்டும் விடும் முறையும் நோயைத் தடுக்க உதவுகின்றது.

மூன்றாவது தீனி. மீன் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இடவேண்டும். பொழுது நன்கு விடிந்து, நீரில் ஒட்சிசன் ஏறியபின்பே இடவேண்டும். நீர் மிகவும் சூடேறிய நாட்களில் தீனியைப் பாதியாகக் குறைப்பதும், ஸ்ரெப்ரோகொக்கசு நோய் தோன்றினால் சில நாள் நிறுத்திவிடுவதும் சாவைக் குறைக்கும். மீன் பட்டினி கிடக்கின்றதே என்று இரங்கித் தீனியை அள்ளிக் கொட்டுவது, அதன் சாவை விரைவுபடுத்துவதாகவே முடியும்.

நான்காவது கருவியும் கையும். ஒரு குளத்தில் நனைந்த வலையை, அத்தாங்கை, வாளியை அப்படியே மறுகுளத்தில் இடலாகாது. கழுவி வெயிலிற் காயவிட்டபின்பே எடுக்கவேண்டும். மீனை ஈரக்கையாற் பற்றவேண்டும்; தேவையின்றிப் பிடித்து அளத்தல் கூடாது. வலைக்கூட்டில் வளர்ப்போர், கூட்டில் ஒட்டிய பாசியை அகற்றி நீரோட்டத்துக்கு வழிவிடவேண்டும்.

ஐந்தாவது, பருவமறிந்து அறுவடை செய்தல். வன்னியின் சிறு குளங்களில் மாரி நீர் நிறைந்தபின் குஞ்சு விட்டு, கோடையில் நீர் வற்றுமுன் மீனைப் பிடிப்பது முறை. இன்னும் சிறிது வளரட்டும், விலை ஏறட்டும் என்று கடைசிவரை காத்திருப்போர் பலர். நீர் வற்ற வற்ற மீன்கள் நெருங்குகின்றன, நீர் சூடேறுகின்றது, ஒட்சிசன் அருகுகின்றது. ஸ்ரெப்ரோகொக்கசு வேண்டுவதெல்லாம் அப்பொழுது ஒருங்கே கூடிவிடுகின்றன. ஆகையால் பெரிய மீனைப் படிப்படியாக முன்னரே பிடித்து நெருக்கத்தைக் குறைப்பதே இலாபமும் பாதுகாப்பும் ஆகும்.

உப்பின் பயனை ஆனையிறவு மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீனுக்கும் அது மருந்தாகும். லீற்றருக்கு 5 கிராம் வீதம் உப்பிட்ட நீரிற் குஞ்சுகளைக் கொண்டுசென்றால், வழிப்பயணத்தின் களைப்பைத் தாங்கும். பிளேவோபற்றீரியம் உப்பை வெறுக்கும் கிருமி. லீற்றருக்கு 10 கிராம் உப்புள்ள நீரில் அது வளர்வதில்லை. ஆகவே தோற்றிட்டு நோயின் தொடக்கத்தில், அவ்வளவு உப்பிட்ட தொட்டி நீரில் மீனைச் சிறிது நேரம் விட்டு, தளர்ச்சி கண்டவுடன் எடுத்துவிடும் முறை கையாளப்படுகின்றது. ஆயினும் உப்பு எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஸ்ரெப்ரோகொக்கசு உவர்நீரையும் பொறுக்கும். விப்ரியோவுக்கோ உவர்நீரே தாய்வீடு. மேலும், மொசாம்பிக் திலாப்பியா கடல்நீரிலும் வாழ வல்லது. நைல் திலாப்பியா அத்துணை உப்பைத் தாங்காது. நீரேரியை அண்டிய நிலத்திற் குளம் வெட்டுவோர் கோடை முற்றும்போது நீரின் உப்பு எவ்வளவு ஏறும் என்பதை அளந்தறிந்த பின்னரே எவ்வினத்தை வளர்ப்பதென்று முடிவு செய்தல்வேண்டும். தாங்கொணா உப்பில் உடலின் நீரைக் காக்கப் போராடும் மீனுக்கு, நோயோடு போராட வலு எஞ்சாது.

இத்தனையும் செய்தும் நோய் வந்துவிட்டால் என் செய்வது? முதல் வேலை, இறந்த மீனை உடனுக்குடன் அள்ளி எடுத்தல். ஒரு பிணமீன் நீரில் அழுகும்போது கோடிக்கணக்கான கிருமிகளை விதைக்கின்றது. மற்ற மீன்கள் அதனைக் கொத்தித் தின்றும் நோயைப் பெறுகின்றன. எடுத்த மீனை வாய்க்காலிலோ நீரேரியிலோ எறியலாகாது. நாயும் பறவையும் எடாதபடி, நீர்நிலைக்கு அப்பால் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். அடுத்து, தீனியை நிறுத்தி, இயன்றால் நல்ல நீர் பாய்ச்சி, காற்றூட்டி, ஒட்சிசனைக் கூட்டவேண்டும். நாள்தோறும் எத்தனை மீன் இறந்தன, நீரின் வெப்பம் என்ன, என்ன தீனி இடப்பட்டது என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பே நோயறிவோருக்குப் பாதி விடை.

நோயறிவதற்குச் செத்து ஊதிய மீன் பயன்படாது. அதில் அழுகற் கிருமிகளே நிறைந்திருக்கும். நோய்க்குறியோடு உயிருடன் இருக்கும் சில மீன்களையே, பிரதேச நீருயிரின வளர்ப்பு உத்தியோகத்தரின் ஆலோசனைப்படி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே மூளை, சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து கிருமியை எடுத்து வளர்ப்பர். 1884இல் டென்மார்க்கு அறிஞர் கிராம் கண்ட சாயமூட்டும் முறையினால், கிருமி ஊதா நிறம் ஏற்கின்றதா, சிவப்பு நிறம் ஏற்கின்றதா என்று பார்ப்பர். ஊதாவாயின் ஸ்ரெப்ரோகொக்கசு இனமாகலாம். சிவப்பாயின் ஏரோமோனாசு முதலியனவாகலாம். பின்னர் எந்த மருந்துக்கு அது மடியும் என்று சோதிப்பர். பேராதனைப் பல்கலைக்கழக மிருகவைத்திய பீடம் மீன் நோய்களிற் பயிற்சி பெற்றோரைக் கொண்ட இடங்களுள் ஒன்றாகும்.

மருந்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். மனிதருக்கென விற்கும் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளை உடைத்துக் குளத்திற் கொட்டும் வழக்கம் மிகத் தீயது. நீரிற் கரைத்த மருந்திற் பெரும்பகுதி மீனின் உடலைச் சென்றடைவதில்லை. தீனியிற் கலந்தாலும், கடுமையாக நோயுற்ற மீன் தீனியைத் தொடாது; நலமான மீனே மருந்தைத் தின்னும். குறைந்த அளவில், குறைந்த நாள் கொடுத்து நிறுத்தினால், வலுவற்ற கிருமி மடிய, வலுவுள்ள கிருமி எஞ்சிப் பெருகும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இவ்வாபத்தை எடுத்துரைத்தார். மீன்குளத்தில் மருந்தை வெல்லக் கற்ற கிருமி, அவ்வெல்லும் தன்மையை வேறு கிருமிகளுக்கும் கொடுக்க வல்லது. நாளை மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும் குழந்தைக்கு அதே மருந்து பயன்படாமற் போகலாம். குளோரம்பெனிக்கோல், நைத்திரோபியூரன் போன்றவற்றை உணவு மீனுக்குப் பயன்படுத்துவதைப் பல நாடுகள் தடை செய்துள்ளன. ஆய்வின் முடிவு கண்டு, தகுந்த அதிகாரி எழுதிக்கொடுத்தால் மட்டுமே மருந்து கொடுக்கலாம். கொடுத்தால் முழு நாளும் கொடுக்கவேண்டும். மருந்து உடலை விட்டு நீங்கும்வரை அம்மீனை விற்றலும் உண்டலும் ஆகா. சில நாடுகளில் ஸ்ரெப்ரோகொக்கசுக்கு எதிரான தடுப்பூசி பண்ணைகளிற் பயன்படுகின்றது. எனினும் ஒவ்வொரு மீனையும் பிடித்து ஊசி ஏற்றுதல் சிறு வளர்ப்போருக்கு எளிதன்று.

மீனின் நோய் மனிதரையும் தொடுமா என்ற ஐயம் எழலாம். தமிழர் பலர் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில், 1995-96 குளிர்காலத்தை ஒட்டி, கையில் வீக்கமும் காய்ச்சலும் கண்டு சிலர் மருத்துவரை நாடினர். அறியப்பட்ட ஒன்பது பேரும் உயிருள்ள அல்லது புதிதாகக் கொன்ற மீனைக் கையாண்டவர்கள். அவருட் பலர் கையாண்டது திலாப்பியா. முள்ளும் கத்தியும் கீறிய வழியே ஸ்ரெப்ரோகொக்கசு புகுந்திருந்தது. அமேசான் ஆற்று டொல்பினில் முதலிற் கண்டெடுக்கப்பட்டு, 1976இற் பெயரிடப்பட்ட கிருமி அது. 2015இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாக உண்டோரிடையே மற்றொரு ஸ்ரெப்ரோகொக்கசு நோய் பரவ, அரசு அத்தகைய உணவு விற்பனையைத் தடை செய்தது. இவற்றைக் கேட்டு மீன் உண்ணவே அஞ்சவேண்டியதில்லை. நன்கு கொதித்த குழம்பில் இக்கிருமி உயிர் வாழாது. மீன் வெட்டுவோர் கையிற் காயமிருந்தால் உறையணிதலும், முள் குத்தினால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், வீக்கம் கண்டால் மருத்துவரிடம் மீன் கையாண்டதைச் சொல்லுதலும் போதிய காப்பாகும். பிதுங்கிய கண்ணும் புண்ணும் உடைய மீனைச் சந்தைக்குக் கொண்டுவருவது மட்டும் எவருக்கும் தகாது.

நேயர்களே, ஒருவர் குளத்து நோய் அவரோடு நின்றுவிடுவதில்லை. வன்னியின் நீர் தெற்கிலிருந்து வடக்கே, குளத்திலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து நீரேரிக்கும் இறங்கிச் செல்கின்றது. மேலே ஒருவர் கொட்டிய மருந்தும், எறிந்த பிணமீனும், திறந்துவிட்ட அழுக்கு நீரும் கீழேயுள்ளவரின் குளத்துக்கும், இறால் பிடிப்போரின் வலைக்கும் வந்து சேரும். ஆகவே நோய்க் காப்பைத் தனித்தனி வளர்ப்போர் மட்டும் மேற்கொண்டாற் போதாது. ஒரு வாய்க்காலில் நீர் பெறுவோர் யாவரும் கூடி, குளத்தை எப்பொழுது வற்றவைப்பது, குஞ்சை எங்கிருந்து பெறுவது, நோய் கண்டால் யாருக்கு அறிவிப்பது என்று உடன்படுதல் வேண்டும். நோயை மறைத்து, மீனை அவசரமாக விற்றுத் தப்ப நினைப்பவர், அடுத்த போகத்தில் அயலவர் குளத்திலிருந்து அதே நோயைத் திரும்பப் பெறுவார். வயலுக்கு நீர் பங்கிடுவதில் நெடுங்காலமாக ஒழுங்கு கண்ட வன்னிக் கமக்காரருக்கு, மீனின் நலத்துக்காக இவ்வொழுங்கை வகுத்துக்கொள்ளுதல் அரிய காரியம் அன்று. நாள்தோறும் விடியலிற் கரையில் நின்று நீரின் நிறத்தையும் மீனின் போக்கையும் பார்க்கும் கண்ணே அதற்கு முதற் கருவி. அக்கண் விழித்திருக்கும் குளத்தில் கிருமி இருந்தாலும் நோய் எளிதில் இடம் பெறாது.